வலது கண்ணில் நீலம், இடது கண்ணில் பச்சை

தம்பி,

இந்தக் கடிதத்தை இடது கண்ணால் எழுதுகிறேன். சிரிக்காதே. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வலது கண்ணை மூடிக்கொண்டு, தாளை மூக்குக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்தால்தான் எனக்கு எழுத்து தெரிகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால் எதிர்வீட்டுக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன், ஆனால் கையில் இருக்கும் பேனா தெரியாது. ஆஸ்பத்திரியில் கண்ணை அறுத்து எனக்கு இப்படி ஒரு வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறார்கள். தூரத்துக்கு ஒரு கண், கிட்டத்துக்கு ஒரு கண். அடுத்த வியாழக்கிழமை இந்த இடது கண்ணையும் அறுக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் எழுதப் படிக்க எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதனால்தான் மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன கடிதத்தில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். பாக்கியம் அத்தை வீட்டுக்குப் போய், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல், வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டீர்களாமே, ஏன் என்று கேட்டிருந்தாய். நான் அங்கே போனது எதற்கு என்று உனக்குத் தெரியும். அவள் மகள் அமிர்தத்தை நீ கட்டிக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அரசாங்கம் கப்பலேற்றி அனுப்பியவன் மகள் நம் வீட்டுக்கு மருமகளாக வேண்டாம் என்று உனக்குச் சூடாக எழுதியதும் நான்தான். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தைக் கிழிக்காதே. இது உனக்கு எழுதுவது, ஆனால் உனக்கு மட்டும் இல்லை. இதைப் படித்துக் கேட்ட பிறகும் அந்தப் பெண் உனக்குக் கழுத்தை நீட்டுவாளா என்பது அவள் இஷ்டம். தெரியாமல் மட்டும் அவள் நீட்டக்கூடாது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது உனக்குப் புரியாது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அறுத்தது ஒரு கண்தான் என்றாலும் கட்டு இரண்டு கண்ணுக்கும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, கத்தி உன் அம்மாவைத் திட்டக்கூடாது. உன் அம்மா ஸ்பூனால் கஞ்சி ஊட்டிவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை என்று பக்கத்துக் கட்டில் பெண்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் கெட்டுப்போயிருந்த வில்லையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் சோடா பாட்டில் அடிபோல ஒரு கண்ணாடி. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைக் கட்டுப் போடுகிற டிரசர் தமிழில் சொன்னார். அதனால் கண்ணாடியின் இடது பக்கத்தில் மங்கல் சில்லு போட்டுக் கொடுத்தார்கள். தூரம் பார்க்கக் கண்ணாடியை மாட்டு, கிட்டே பார்க்கக் கழற்று, மூன்று மாதத்தில் மூளை பழகிவிடும், அதுவரை பொறுமையாக இரு என்றார்கள். பொறுமையாக இருக்கச் சொன்னது என்னிடம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் காப்பியைக் குவளைக்கு வெளியே ஊற்றினேன். குவளை இருக்கும் இடத்தைவிட எனக்குக் கிட்டே தெரிகிறது. வாசற்படி மேலே எழும்பி வருகிறது. கதவு நிலை இரண்டும் வளைந்து நிற்கிறது, தடவிப் பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை தம்பி. கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்துக்குள் வருகிற எதுவும் தெரியாது. தெருவில் நடந்து வருகிற ஆள் பாதி வழியில் காணாமல் போவான், பிறகு மூக்குக்கு முன்னால் திடீரென்று முளைப்பான். உன் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இப்படி முளைத்து என் உயிரை வாங்குகிறாள். அது கண்ணாடியின் குணம், பயப்படாதே என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஆனால் அந்த முதல் வாரத்திலிருந்தே அந்த வளையத்தின் ஓரத்தில் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தலையைத் திருப்பினால் இல்லை. கோயில் முக்கில் நின்றான், கறிகாய் வாங்கப் பாசார் போகும் வழியில் நின்றான், நம் வீட்டுக் குழாயடியிலும் நின்றான். யாரோ தபால்காரன், யாரோ ரொட்டிக்காரன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கண்ணாடி ஏன் ஆளை மறைக்கிறது என்று டாக்டர் விளக்கினார், வருகிற ஆள் ஏன் எப்போதும் ஒரே ஆள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. நீ முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு புடவை வாங்கி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பச்சைப் புடவை வாங்கியிருக்கிறானே, கோயிலுக்குத் தோரணம் கட்டவா என்று நான் கேலி செய்தேன். நீ என் முகத்தையே பார்த்தாய். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு அவள் வந்து நின்றாள். என்னடி, இந்த நீலப் புடவை எப்போது வாங்கினாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இடது கண்ணால் பார்த்தேன், பச்சை. பாசி படிந்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. கண்ணாடியை இறக்கினேன், நீலம், அப்படியொரு நீலத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவே இல்லை. தூக்கினேன், இறக்கினேன். விளையாட்டுக் காட்டுகிறீர்களா, எத்தனை வருஷமாக நான் நீலம் நீலம் என்று சொல்கிறேன், நீங்கள்தான் பச்சை பச்சை என்று என் வாயை அடைத்தீர்கள் என்றாள். அவள் சொன்னது சரி. கண்ணில் புரை வளர்ந்தால் நீலம் செத்துப்போகும் என்று பிறகு டிரசர் சொன்னார். மெல்ல மெல்லச் சாவதால் சாவது தெரியாதாம். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் நீலத்தைத் தேடிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கியம் வீட்டுக்குப் போனோம். உன் அம்மா வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள், பையன் ஆசைப்படுகிறான், விட்டுவிடுங்கள் என்று. நல்ல காரியத்துக்குப் போவதுபோல அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தாள், எனக்கு எரிச்சலூட்டத்தான். அமிர்தம் கதவைத் திறந்தாள், அவளே காப்பி கலந்து வைத்தாள், பெரியவர்கள் பேசட்டும் என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பாக்கியம் உள்ளே போய் வருவதற்குள் உன் அம்மா காற்றுக்காகப் பக்கச் சாய்ப்பில் போய் நின்றாள். அங்கே சுவரில் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. டயர் இரண்டும் மட்கிப்போன பழைய சைக்கிள், ஆனால் துடைத்து வைத்த சைக்கிள். பச்சை பெயிண்ட். தோட்டத்துக் கோயில் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டைப் பாக்கியத்தின் புருஷன் கோவிந்தன் தன் கையாலேயே அடித்தது. உன் அம்மா அதன் மேல் சாய்ந்தாற்போல நின்றாள். வலது கண்ணுக்கு அவள் புடவை நீலம், சைக்கிள் பச்சை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நான் கண்ணாடியைத் தூக்கினேன். இடது கண்ணில் புடவை எங்கே முடிகிறது, சைக்கிள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறம்.

நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா தலைசுற்றல் என்று நினைத்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இனி எழுதப்போவது நீ கேட்காதது.

நாம் தோட்டத்தில் இருந்த கடைசி வருஷங்களில் நீ மலாக்கா பள்ளிக்கூடத்துக்காக மாமா வீட்டில் இருந்தாய். அதனால் உனக்குக் கதை அரையும் குறையுமாகத்தான் தெரியும். நான் தோட்டத்து ரப்பரை ஏற்றும் கித்தா லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்திலேயே லோரி ஓட்டத் தெரிந்த தமிழன் நான் ஒருவன். தொரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அதில் எனக்கு எவ்வளவு கொழுப்பு என்று உன் அம்மாவைக் கேள். அந்த நேரத்தில்தான் கண் மங்கத் தொடங்கியது. சாயங்காலமானால் ரோடு கலங்கிப் போகும். ஆட்களை முகத்தால் அடையாளம் பிடிப்பது எப்போதோ போய்விட்டது. நடையால், சட்டையால், சைக்கிளால்தான் இன்னார் என்று கண்டுபிடிப்பேன், முகத்தைப் பார்த்ததுபோலப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது. லோரி போய்விட்டால் நான் யார்? மற்றவர்களைப்போல வாளி தூக்க வேண்டியவன்தான். அந்தப் பயத்தில் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கோவிந்தன் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். அவன் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், அதிர்ந்து பேசாதவன். ஒருநாள் பட்டறை முன்னால் லோரியைப் பின்னுக்கு எடுத்தேன். அப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அமிர்தம் பின்னால் நின்றது எனக்குத் தெரியவில்லை. பட்டப்பகல் தம்பி. கோவிந்தன் ஓடிவந்து பிள்ளையை இழுத்துப் போட்டான். சாப்பாட்டுத் தூக்கு நசுங்கிப் போனது. நீ கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற பெண்ணை நான் அன்றைக்கே கொன்றிருப்பேன். மறுநாள் அவன் தனியாக வந்தான். சத்தம் போடவில்லை.

“அண்ணே, நான் யாருகிட்டயும் சொல்லல. மொதல்ல கண்ண காட்டுங்க. காட்டாம லோரிய எடுத்தீங்கன்னா, நான் தொரகிட்ட சொல்லித்தான் ஆகணும். புள்ளைங்க நடமாடுற எடம்.”

சரி என்றேன். காட்டவில்லை. அன்றிலிருந்து அவன் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே நான் வேறு பக்கம் திரும்பிப் போய்விடுவேன். தம்பி, நீ ஒரு குடும்பத்துக்குத் தலைவனாகப் போகிறவன், அதனால் சொல்கிறேன். நம் குறையை ஒருவன் தெரிந்துகொண்டால் நமக்கு அவன் மேல் வெறுப்பு வரும். அவன் நல்லவனாக இருந்துவிட்டால் அந்த வெறுப்பு இன்னும் கூடும். அந்த மாதிரி நேரத்தில் உன் கண்ணை நம்பாதே, காதை நம்பாதே, அந்த ஆளைப் பற்றி உன் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பாதே. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அது காட்டுக்காரர்களுக்கு, காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து கிடந்த அவசரகாலம். காட்டுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் கம்பி எண்ண வேண்டும், போனதைப் பார்த்துவிட்டுச் சொல்லாதவனும் எண்ண வேண்டும். கோவிந்தன் என்னிடம் வந்து பேசிப் பத்து நாள் இருக்கும். சாயங்காலம் ஊரடங்கு மணிக்கு முன்னால் லோரியைத் திருப்பிக்கொண்டு வருகிறேன். காட்டோரத்துத் திருப்பத்தில் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு, புதருக்குள் நின்றவனிடம் ஒரு மூட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தது முதுகு. கலங்கலாக ஒரு முதுகும் ஒரு சைக்கிளும். எனக்குப் பின்னால் காரில் வந்த கிராணியும் அதைப் பார்த்திருக்கிறார். பிள்ளை கிராணி என்று எல்லாரும் கூப்பிடுகிற குமாஸ்தா அவர், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழை மறந்து மலாய் பேசுகிற இந்தக் காஜா பெராங் செட்டிகளில் ஒருவர், நிலம் அளக்கிற வேலையாக அன்றைக்குத் தோட்டத்துக்கு வந்தவர். விஷயத்தை அவர்தான் போலீசில் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டார்கள். பச்சை என்றேன். தோட்டத்தில் பச்சை சைக்கிள் ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பெண்களையும் பிள்ளைகளையும் லயத்து வீடுகளுக்குள் வைத்து அடைத்தார்கள். ஆண்களை ஒவ்வொருவனாகச் சைக்கிளோடு பட்டறைக்குப் பின்னால் வரச் சொன்னார்கள். அங்கே படுதா போட்ட போலீஸ் லோரிக்குள் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நான் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக முகத்தில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தார்கள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. உள்ளே மூச்சு முட்டியது. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், நான் ஒருவன் முகத்தையும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. பச்சை வந்து நின்றது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் தம்பி நான் செய்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட, கண் செய்த தப்பு என்று சொல்லிக்கொண்டு நான் தூங்கியிருப்பேன். முடியவில்லை. அதிகாரி என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு, கிராணி வேறு மாதிரி சொல்கிறாரே, சைக்கிள் நீலம் என்கிறாரே என்று மறுபடியும் கேட்டார். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் எனக்கு வழியைத் திறந்துவிட்டார்கள். எனக்குக் கண் சரியில்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம். சாயங்கால நேரம், நிச்சயமாகத் தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் லோரி போய்விடும். நான் சிரித்தேன். பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு ஒரு வார்த்தை தமிழ் பேசத் தெரியாத ஆள், அவருக்குப் பச்சை எது நீலம் எது என்று எப்படித் தெரியும் என்று கேலி பேசினேன். செட்டிகளைப் பற்றி நம் ஆட்கள் அப்படித்தான் பேசுவோம், பக்கத்தில் நின்ற தமிழ்ப் போலீஸ்காரனும் சிரித்தான். பிறகு சொன்னேன், “என் ரெண்டு கண்ணால பாத்தேங்க.” அதிகாரி எழுதிக்கொண்டார்.

கோவிந்தனை அங்கிருந்தே வண்டியில் ஏற்றினார்கள். பாக்கியத்துக்கு லயத்துக் கதவைத் திறந்துவிட்டபோது வண்டி போய்விட்டது. அடைத்து வைத்திருந்த தடுப்புக் காம்புக்கு அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள், வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கே போனாள், கப்பல் ஏற்றியாகிவிட்டது என்றார்கள். அவன் பிறந்தது இந்த மண்ணில், ஆனால் அதற்குக் காகிதம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், அப்பன் ஊர் என்று ஒரு பேர் மட்டும் தெரிந்த இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. மூன்றாவது வருஷம் வேறு யாரோ எழுதினார்கள், காய்ச்சலில் போய்விட்டான் என்று. தோட்டத்தில் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் அவள் மகளோடு மலாக்காவுக்கு வந்து பெண்டஹாரா ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தாள். கோவிந்தனைக் கொண்டுபோன ஒரு வருஷத்துக்குள் நான் லோரியை ரோட்டோர லோங்காங் சாக்கடையில் இறக்கி வேலையைத் தொலைத்துவிட்டு இதே ஊருக்கு வந்தேன், வாட்ச்மேன் ஆனேன். எந்த லோரிக்காக அதைச் செய்தேனோ அந்த லோரி ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை.

சுதந்திரத் தேதியைச் சொன்ன அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பண்டா ஹிலிர் பாடாங் மைதானத்தில் நின்றோமே. மேடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய், நான் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வெள்ளைக் கலங்கல்தான் தெரிந்தது. மேடையில் இல்லாத ஓர் ஆளின் பேரை நீ வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தாய், அதற்கும் ஆட்டினேன். அன்றைக்குத்தான் உனக்குத் தெரிந்தது, அன்றிலிருந்துதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று என்னைப் பிடுங்கினாய். பார்க்காததற்கெல்லாம் தலையாட்டுவது என் பழைய பழக்கம் என்று நீ அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பாக்கியம் வீட்டிலிருந்து வந்த மறுநாள் பிள்ளை கிராணியைத் தேடிப் போனேன். நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். இத்தனை வருஷமாகக் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் எனக்கு நாற்காலி போட்டார். அந்தச் சைக்கிள் என்ன நிறம் என்று மலாயில் கேட்டேன். எந்தச் சைக்கிள் என்றுகூட அவர் கேட்கவில்லை. “பீரு” என்றார். நீலம். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், மூன்று தடவை சொன்னேன், கோவிந்தனோடு வேலை செய்கிறவனே உறுதியாகச் சொல்கிறான் என்று உன் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது என் கண் தேவலையா என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

வழியெல்லாம் என்னை அரித்த கேள்வி ஒன்று இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்தச் சாயங்காலம் நான் பச்சையைப் பார்த்துக் கோவிந்தன் என்று நினைத்தேனா, இல்லை, கோவிந்தனாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பச்சையைப் பார்த்தேனா? புரைதான் காரணம் என்று டிரசர் சொல்வார். இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது, அதனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அன்றைய மனசை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது? சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் இப்போதும் நிற்கிறான் தம்பி. இப்போது எனக்கு அவன் யாரென்று தெரியும். முகம் மட்டும் இல்லை. அவன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

முந்தாநாள் தனியாகப் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். அமிர்தம் வேலைக்குப் போயிருந்தாள். சாய்ப்பில் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துணிப்பையைச் சொன்னேன், லோரியைச் சொன்னேன், கிராணியைக் கேலி பேசியதையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்.

“அண்ணே, நாங்க யாரும் அவர பாக்கல. கதவ சாத்திட்டாங்க. உங்க முன்னால வந்துதானே நின்னாரு. மொகம் எப்படி இருந்துச்சு? பயந்திருந்தாரா?”

பொய் சொல்லத் தோன்றியது. பயப்படவில்லை அம்மா, நிமிர்ந்து நின்றான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கும், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று அந்த மனிதனைப் பற்றி இன்னொரு தடவை நான் சொல்லக்கூடாது. முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தேன் என்றேன்.

“அப்ப கடைசியா அவர யாருமே பாக்கல” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியது ஒன்றுதான். நான் வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டாள். “இத அமிர்தத்துக்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க எழுதி குடுங்க. அன்னைக்கு தலைய ஆட்டினதோட சரி. இப்ப எழுதி, கையெழுத்து போட்டு குடுங்க.”

அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். நீ லீவு எடுத்துக்கொண்டு வா. இதை அமிர்தத்துக்கு முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டு, எந்த இடத்தையும் தாண்டாதே, எனக்காக எதையும் மெதுவாகச் சொல்லாதே. கல்யாணத்துக்கு அவள் சரி என்றால் அது அவளுடைய பெருந்தன்மை, என்னுடைய புண்ணியம் இல்லை. வேண்டாம் என்றால் உன் கோபத்தை என்னிடம் கொண்டு வா, அவளிடம் காட்டாதே. இந்தத் தாளைப் படித்த பிறகு அவர்களிடமே கொடுத்துவிடு. எந்த ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் கொண்டுபோகட்டும், என்ன கேட்டாலும் வந்து சொல்வேன்.

வியாழக்கிழமைக்குப் பிறகு நான் ஆஸ்பத்திரியில் மணல் மூட்டைகளுக்கு நடுவே மல்லாக்கக் கிடப்பேன். இரண்டு கண்ணுக்கும் கட்டு இருக்கும், தலையைத் திருப்ப முடியாது. யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அமிர்தத்துக்கு விருப்பம் இருந்தால் அப்போது அவளைக் கூட்டிக்கொண்டு வா. அவள் ஒன்றும் பேச வேண்டாம், வந்திருக்கிறாள் என்று நீயும் எனக்குச் சொல்ல வேண்டாம். அவள் அப்பனை நான் முகத்தை மூடிக்கொண்டு பார்த்தேன். என் முகம் திறந்துதான் கிடக்கும். அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்குக் கையெழுத்திடுவது,
உன் அப்பா